செல்லக்காசு வீட்டுக்கு வந்த கதை

“என்ன வைத்தியரய்யா... நாடி பார்க்கிற அறையில மீன் தொட்டி வச்சிருக்கீங்க? வாஸ்துங்களா?”

தா.பழூரில் என் வைத்தியசாலைக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். வாஸ்துவும் இல்லை, அழகுக்கும் இல்லை. அந்தத் தொட்டி என் அம்மாவுக்காக வாங்கியது. இடப் பக்கம் கதவைத் திறந்தால் அம்மாவின் கட்டில். அங்கிருந்து பார்த்தால் தொட்டி தெரிய வேண்டும் என்றுதான் அதை அந்த இடத்தில் வைத்தேன்.

அம்மாவுக்கு வயது 81. இரண்டு வருஷமாக மறதி. காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்துவிடுவார். அதை விடக் கஷ்டம், சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கும்போதே ‘சாப்பிடணும்’ என்பதை மறந்துவிடுவார். பாதித் தட்டில் எழுந்து போய்விடுவார். எடை குறைந்துகொண்டே வந்தது. நரம்பியல் டாக்டர் கொடுத்த மாத்திரையும் உண்டு. நான் கொடுக்கிற மருந்தும் உண்டு. இரண்டையும் நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லி யாருக்கும் சொல்லவும் மாட்டேன்.

அப்போது ஒரு பழைய ஆய்வைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் நான்சி எட்வர்ட்ஸ், ஆலன் பெக் என்ற இரண்டு பேர் 2002-ல் வெளியிட்டது. மறதி நோய் உள்ள 62 முதியவர்கள் சாப்பிடும் கூடத்தில் மீன் தொட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். சாப்பிடும் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடியது. எடையும் கொஞ்சம் ஏறியது. கண் முன்னால் ஏதோ அசைந்துகொண்டே இருந்தால் அவர்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுவதில்லை. உட்கார்ந்திருந்தால் கை தானாகத் தட்டுக்குப் போகிறது. இதே ஆலன் பெக்கும் ஆரன் கேச்சர் என்ற மனநல மருத்துவரும் சேர்ந்து 1983-லேயே, மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிரஷர் இறங்குகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். பிரஷர் உள்ளவர்களுக்கும் இறங்கியது, இல்லாதவர்களுக்கும் இறங்கியது.

உடனே, ‘அப்போ மாத்திரையை விட்டுவிட்டு மீன் வாங்கலாமா டாக்டர்?’ என்று கேட்டு எழுதாதீர்கள். மீன் மருந்து அல்ல. மருந்தோடு கூட இருந்து ஒத்தாசை செய்யும், அவ்வளவுதான்.

சரி, என்ன மீன் வாங்குவது? இங்கேதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன். அந்தத் தப்பை நீங்கள் பண்ணக்கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ராம் போய்ச் சேர்ந்த கதை

வெளியூர்க் கடை ஒன்றில் கண்ணாடிக்குள் நீலமும் மஞ்சளுமாய் மின்னிய ஒரு குட்டி மீனைப் பார்த்து மயங்கிவிட்டேன். ‘ராம்’ என்றார் கடைக்காரர். பேத்திக்கு ஒரே சிரிப்பு, “தாத்தா, மீனுக்கு ராம்னு பேரா!” என்று. நம் ராமன் இல்லை. தென் அமெரிக்காவில் வெனிசுலா, கொலம்பியா நாட்டுச் சமவெளி ஓடைகளில் இருக்கிற மீன். ராமிரெஸ் என்ற ஒருவரின் பெயரை 1948-ல் இதற்கு வைத்தார்கள்; அது சுருங்கி ராம் ஆகிவிட்டது. குள்ள சிக்லிட் என்ற வகையில் ரொம்பப் பிரபலம் இதுதான். இரண்டரை அங்குலத்துக்கு மேல் வளராது.

சிக்லிட் என்றதும் ஏதோ அயல்நாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் சந்தையில் வாங்குகிற ஜிலேபிக் கெண்டை சிக்லிட்தான்! ஆப்பிரிக்காவிலிருந்து உலகம் சுற்றி, 1952-ல் மண்டபத்துக்கு வந்து இறங்கியது. இன்று அது இல்லாத ஏரி குளம் நம் ஊரில் உண்டா? இந்தக் குடும்பத்து மீன்களின் பெருமையே பிள்ளை வளர்ப்பில் இருக்கிறது. பெரும்பாலான மீன்கள் முட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். சிக்லிட் அப்படி இல்லை. ஜிலேபித் தாய் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரித்து, குஞ்சு நீந்துகிற வரை காக்கிறது. வேறு சில வகையில் அப்பாவும் அம்மாவும் முறை வைத்துக் காவல் இருப்பார்கள். அம்மா பார்ப்பதற்கு இந்தக் குடும்பக் காட்சி நன்றாக இருக்கும் என்பதுதான் என் கணக்கு.

கடைக்காரரிடம், “எங்க ஊர்த் தண்ணி கொஞ்சம் உப்பா இருக்குமே” என்று கேட்டேன். “எல்லாத் தண்ணிக்கும் வரும் சார், கவலையே படாதீங்க” என்றார். ஆறு மீன் வாங்கினேன். தொட்டியையும் அன்றே வாங்கி, அன்றே தண்ணீர் நிரப்பி, அன்று சாயங்காலமே மீனை விட்டேன். நான்காம் நாள் ஒன்று மிதந்தது. பத்து நாளில் ஐந்து. மூன்றாவது வாரம் தொட்டி காலி.

அம்மா மட்டும் தினமும் அந்த வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அந்த நீலப்புள்ள எங்கடா?” என்று கேட்பார். பதில் சொன்னால் மறந்துவிடுவார். மறுபடி கேட்பார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ‘செத்துப்போச்சும்மா’ என்று சொல்வது?

என்ன தப்பு நடந்தது?

ஒன்றில்லை, இரண்டு தப்பு. முதலாவது அவசரம். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா இந்த அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. இந்த நல்ல பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் இல்லை. அவை ஃபில்டர் பஞ்சில் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். பாலைக் காய்ச்சியதும் தயிர் வந்துவிடுமா? உறை ஊற்ற வேண்டும், காத்திருக்க வேண்டும். இதுவும் அப்படித்தான். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கிற நண்பர் யாராவது இருந்தால் அவர் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி வந்து உங்கள் தொட்டியில் போடுங்கள். அதுதான் உறைமோர்! வேலை பாதியாகக் குறையும்.

இரண்டாவது தண்ணீர். ராம் பிறந்த ஓடைத் தண்ணீர் மழைத்தண்ணீர் போல மென்மையானது, லேசாகப் புளிப்புத் தன்மை உடையது, 28 டிகிரி சூட்டில் இருப்பது. எங்கள் மாவட்டமோ சுண்ணாம்புக்கல் பூமி. அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகள் எதை நம்பி வந்தன? அந்தக் கல்லை நம்பித்தான். எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரில் வெந்நீர் போட்டால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகத் தோல் கட்டும். சோப்பு நுரைக்காது. உங்கள் வீட்டிலும் இந்த இரண்டு அடையாளமும் இருந்தால் அது கடினத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ராம் கொஞ்ச காலம் இருந்தாலும் முட்டை பொரிப்பது சந்தேகம்தான்.

நான் சும்மா இருந்தேனா? வைத்தியன் புத்தி! நாட்டு வாதுமை இலையைக் காயவைத்துத் தொட்டியில் போட்டேன். தேநீர் மாதிரி நிறம் இறங்கியது. அந்த இலையின் துவர்ப்புச் சத்து பூஞ்சையையும் சில கிருமிகளையும் கொஞ்சம் அடக்கும். அதனால் உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் நம் வாதுமை இலையைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள். ஆனால் அது தண்ணீரின் சுண்ணாம்பை எடுத்துவிடாது. நிறம் மாறியதைப் பார்த்து குணமும் மாறிவிட்டது என்று நினைத்தது என் தப்பு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீனுக்கு ஏதாவது நோய் வந்தால் வேப்பெண்ணெய், மூலிகைச் சாறு என்று கண்டதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். குளத்து மீனைக் கூண்டோடு கொல்ல இலுப்பைப் பிண்ணாக்குப் போடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மனுஷனுக்கு மூலிகையாக இருப்பது மீனுக்கு நஞ்சாக இருக்கலாம்.

காசு கொடுக்காத காசு

கொள்ளிடம் கடலில் கலக்கிற பழையாறு பக்கமிருந்து ஒரு பெரியவர் மூட்டுவலிக்கு என்னிடம் வருவார். காலி தொட்டியைப் பார்த்து விசாரித்தார். கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“இதுக்குப் போயி அம்மாம் பணம் குடுத்தீங்களா அய்யா? எங்க காவாயில செல்லக்காசு கெடக்குது. அடுத்த தபா வாறப்ப அஞ்சாறு புடிச்சாறேன்.”

சொன்னபடியே ஒரு மூடி போட்ட வாளியில் கொண்டு வந்தார். காசு மாதிரி வட்டமாக, தட்டையாக, இளமஞ்சள் உடம்பு. வரிசை வரிசையாகச் சின்னச் சிவப்புப் புள்ளி. விலாவில் ஒரு கறுப்புத் திட்டு. பேத்தி கையைத் தட்டினாள்.

வாசகர்களே, இதுதான் நம் நாட்டுக் குள்ள சிக்லிட்! ஆங்கிலத்தில் ஆரஞ்சு குரோமைடு. மலையாளத்தில் பள்ளத்தி. சுமார் மூன்று அங்குலம் வளரும். இந்தியாவுக்கே சொந்தமான சிக்லிட் மொத்தம் மூன்றுதான். ஒன்று கேரளத்துக்காரர்கள் வாழையிலையில் பொரித்துத் தருகிற கரிமீன். 2010-ல் அதைக் கேரளத்தின் மாநில மீனாக அறிவித்தார்கள். இன்னொன்று கர்நாடகப் பக்கம் மட்டும் இருக்கிற ஒரு கோடு போட்ட மீன். மூன்றாவது நம் செல்லக்காசு. தென்னிந்தியாவின் உப்பங்கழிகளிலும் நன்னீரிலும், இலங்கையிலும் இருக்கிறது. 1795-லேயே பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவர் இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். (மருத்துவர்களுக்கு மீன் பைத்தியம் புதிதல்ல பாருங்கள்!) அந்த பிளாக்குக்குப் பல மீன்களைப் பதப்படுத்தி அனுப்பியவர் நம் தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார்.

இந்த மூன்று மீன்களுக்கும் மிக நெருங்கிய சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? மடகாஸ்கர் தீவில்! சுமார் 8.8 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது இந்த மீன் குடும்பமும் பிரிந்தது என்கிறார்கள் ஆய்வாளர்களில் ஒரு சாரார். எங்கள் அரியலூர் கடலுக்குள் இருந்த காலமும் ஏறக்குறைய அதுதான். இன்றைக்கும் சுண்ணாம்புச் சுரங்கத்தில் கடல் சிப்பி கல்லாக வருகிறது. அந்த மண்ணின் தண்ணீரில் இந்த மீன் வாழ்கிறது என்று நினைக்க எனக்கு ஒரு சந்தோஷம்.

கடைகளில் விற்கிற முழு ஆரஞ்சு நிற மீனும் இதே இனம்தான். நிறத்துக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. சென்னை கொளத்தூர் மாதிரி வண்ண மீன் சந்தைகளில் கேட்டுப் பாருங்கள். விலை அதிகமில்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில் அந்தப் புள்ளி போட்ட இயற்கை நிறம்தான் பிடிக்கிறது.

தொட்டியை எப்படி அமைப்பது?

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் இருந்தால் 100 லிட்டர் பிடிக்கும். ஒரு ஜோடிக்கு இது தாராளம். தண்ணீர் மட்டும் 100 கிலோ, கண்ணாடி, மணல் எடை தனி. அதனால் ஆடுகிற ஸ்டூலில் வைக்காதீர்கள். கெட்டியான மேஜை, அதன் மேல் தெர்மாகோல், அதற்கு மேல் தொட்டி. ஜன்னல் வெயில் நேராக விழக்கூடாது. பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். அடியில் கழுவிய ஆற்று மணல், கவிழ்த்துச் சாய்த்து வைத்த ஒரு சின்ன மண் பூச்சட்டி, நாலு கூழாங்கல், கொஞ்சம் வேலம்பாசி போதும். காற்று பம்பில் ஓடுகிற பஞ்சு ஃபில்டர் போடுங்கள். விலை குறைவு, குஞ்சுகளை உள்ளே இழுக்காது.

பஞ்சாயத்துக் குழாயில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள். வைக்கும்போது மேலே மெல்லிய துணியைக் கட்டுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். மீன் இருக்கிற தொட்டியில் கொசு வளராது, புழுவை மீனே தின்றுவிடும். ஆனால் பக்கத்தில் மறந்துபோய் வைத்திருக்கிற வாளியில்தான் டெங்கு கொசு முட்டை போடும்.

வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். மொத்தத்தையும் கொட்டிக் கழுவுவதும், ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசுவதும் கூடாது. உறையையே கழுவிக் கொட்டின மாதிரி ஆகும். தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சைப் பிழிந்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல உரம். (உப்புப் போடுகிறவர்கள் செடிக்கு ஊற்ற வேண்டாம்.)

உப்பா? ஆமாம். செல்லக்காசு நன்னீரிலும் வாழும். ஆனாலும் 10 லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி கல் உப்பு போட்டால் பூஞ்சை கிட்டே வராது. அயோடின் கலக்காத உப்பாகப் பாருங்கள். கழிமுகத்தில் பிடித்த மீனை நேராக நன்னீரில் விடக்கூடாது. அவர் கொண்டு வந்த தண்ணீரோடு தனித் தொட்டியில் விட்டு, இரண்டு வாரம் தினம் கொஞ்சமாக எங்கள் தண்ணீரைச் சேர்த்துப் பழக்கினேன்.

கோடையில் தண்ணீர் 32 டிகிரியைத் தொட்டால் ஐஸ் கட்டியைப் போடாதீர்கள். சூடான தண்ணீரில் காற்று குறையும். பம்பைக் கூட்டி வைத்து, மூடியைத் திறந்து வலை போட்டால் போதும். இன்னொரு முக்கிய விஷயம், கொசுவுக்காக நாம் ஏற்றுகிற சுருளும் சொருகுகிற திரவமும். அவற்றில் உள்ள பைரித்ராய்டு மருந்து மீனுக்குக் கொடிய விஷம். காற்று பம்ப் அந்த அறைக் காற்றைத்தானே இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது? தொட்டி இருக்கிற அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

ஏழு பொட்டலம்

மீன் வந்த பிறகு அம்மாவின் சாப்பாடு எப்படி ஆனது? தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு, தட்டைக் கையில் கொடுத்தோம். அவர் ஒரு வாய் சாப்பிடுவார், மீனைப் பார்ப்பார், “ஏன்டா சண்டை போடுறீங்க?” என்று அதட்டுவார், மறுபடி ஒரு வாய். முன்பு பாதித் தட்டு. இப்போது முக்கால் தட்டு, சில நாள் முழுத் தட்டு. மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோ கூடியது. இது ஒரு வீட்டுக் கணக்கு. எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை.

ஆனால் ஒரு நாள் காலையில் பார்த்தால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. தண்ணீர் மோர் மாதிரி கலங்கிக் கிடக்கிறது. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. என்ன ஆச்சு? என் மனைவிதான் கண்டுபிடித்தாள். “ஏங்க... இரை டப்பா காலியாக் கிடக்கு!”

அம்மா இரை போட்டிருக்கிறார். போட்டதை மறந்து மறுபடி போட்டிருக்கிறார். பாவம், எத்தனை தடவையோ! ‘பசிக்கும்ல அதுகளுக்கு’ என்ற நினைப்பு மட்டும் மறக்கவில்லை.

பாதித் தண்ணீரை மாற்றி, காற்றைக் கூட்டி விட்டு, ஐந்து மீனைக் காப்பாற்றினோம். டப்பாவை ஒளித்து வைக்கலாம் என்றாள் மனைவி. எனக்கு மனசு வரவில்லை. அந்த ஒரு வேலையைத்தான் அவர் ‘என் வேலை’ என்று செய்கிறார். யோசித்துப் பார்த்தேன். சூரணம் மடித்துக் கொடுக்கிற கை இது. சின்னக் காகிதத்தில் ஒரு சிட்டிகை இரை, ஞாயிறிலிருந்து சனி வரை ஏழு பொட்டலம். காலையில் ஒன்றை மட்டும் அம்மா கையில் கொடுப்பது. மற்ற ஆறும் என் பீரோவில். சாயங்காலம் “இரை எங்க?” என்று கேட்டால் பிரித்த காகிதத்தைக் காட்டுவோம். “ஓ, போட்டாச்சா” என்று அமைதியாகிவிடுவார். மறதி உள்ளவர்கள் இருக்கிற வீட்டில் மாத்திரைக்கும் இந்த முறை உதவும், செய்து பாருங்கள்.

பொதுவாகவே மீன் பட்டினியில் சாவதை விட அதிக இரையில் சாவதுதான் அதிகம். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுதான் கணக்கு. வாரத்தில் ஒரு நாள் உபவாசம் இருந்தாலும் கெட்டுப்போகாது. செல்லக்காசு கடை இரையும் தின்னும், பாசியும் தின்னும், வேகவைத்த கீரை, தோல் உரித்த பட்டாணியும் தின்னும். கொசுப்புழு கொடுத்தால் கொண்டாட்டம். சாக்கடையில் அள்ளி விற்கிற டியூபிஃபெக்ஸ் புழுவை மட்டும் நான் வாங்குவதில்லை.

ஜோடி சேர்ந்தது

ஆணா பெண்ணா என்று செல்லக்காசைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஐந்தாறு குட்டியாக வாங்கி, அவையே ஜோடி சேரும்படி விட வேண்டும். (நாம் ஜாதகம் பார்த்துச் சேர்த்தால் ஒத்துக்கொள்ளாது.) நாலாவது மாதம் இரண்டு மீன் மற்றதை எல்லாம் ஒரு மூலைக்குத் துரத்த ஆரம்பித்தன. அந்த இரண்டுக்கும் வயிற்றுப் பக்கம் மை பூசின மாதிரி கறுத்தது. இனப்பெருக்கத்துக்குத் தயார் என்று அர்த்தம். உடனே மற்ற மூன்றையும் வேறு தொட்டிக்கு மாற்றினேன். ஒரு நாள் தாமதித்ததில் ஒன்றின் வால் துடுப்பு கிழிந்துவிட்டது. இதில் தாமதம் ஆகாது.

இரண்டும் சேர்ந்து பூச்சட்டியின் சாய்ந்த பக்கத்தை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன. அடுத்த நாள் அங்கே சின்னக் காம்பு வைத்து ஒட்டின மாதிரி முட்டைகள். நூறுக்கு மேல் இருக்கும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அன்றைக்கு வந்த நோயாளிகளுக்கெல்லாம் காட்டினேன்.

மறுநாள் காலை ஒரு முட்டை இல்லை. இரண்டும் சேர்ந்து தின்றுவிட்டிருந்தன.

அம்மா கட்டிலில் இருந்தபடி சொன்னார். “பிள்ளைப் பெத்த வீட்டுல வெளக்கப் போட்டுட்டு ஆளாளுக்கு எட்டி எட்டிப் பாத்தா அது எப்படிடா வளக்கும்?”

நேற்று நடந்தது நினைவில் இல்லாத மனுஷி. ஆனால் ஐந்து பிரசவம் பார்த்த அனுபவம் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது! சரியான பேச்சு அது. தொந்தரவு அதிகமானால், ‘இங்கே பிள்ளை பிழைக்காது’ என்று முட்டையைத் தின்றுவிடுவது சிக்லிட்களின் சுபாவம். முதல் ஈத்தில் இது ரொம்ப சகஜம். ஆகவே நீங்கள் சோர்ந்துபோக வேண்டாம்.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் ஈத்து. இந்தத் தடவை என் பழைய வேட்டியை எடுத்து மூன்று பக்கமும் தொங்கவிட்டேன். அம்மா பக்கம் மட்டும் திறப்பு. ஒன்று முட்டைக்கு அருகில் நின்று துடுப்பால் விசிறும்; இன்னொன்று சுற்றிக் காவல். பிறகு முறை மாற்றிக்கொள்ளும். வெள்ளையாகிப்போன முட்டையைத் தேடி வாயால் எடுத்துவிடும், பூஞ்சை பரவாமல் இருக்க. ஐந்தாம் நாள் பொரிந்தது. மணலில் ஒரு குழி பறித்து, குஞ்சுகளை வாயில் அள்ளிக் கொண்டுபோய் அதில் போட்டன. துடித்துக்கொண்டு கிடக்கும் அந்தக் குவியலை ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு மாற்றிக்கொண்டே இருந்தன. இன்னும் ஒரு வாரம் போனதும் குஞ்சுகள் மேகம் மாதிரி எழும்பி நீந்தின.

அதற்கப்புறம் நடப்பதுதான் அதிசயம். குஞ்சுகள் ஒவ்வொன்றாக வந்து அப்பா, அம்மாவின் விலாவில் முட்டிக் கொத்திவிட்டுப் போகும். பார்க்கிறவர்கள் கடிக்கிறதோ என்று நினைப்பார்கள். பெற்றோரின் தோலில் ஊறும் வழுவழுப்பான சளிப்படலத்தைத்தான் குஞ்சுகள் உண்கின்றன! அமெரிக்க ஆய்வாளர்கள் வார்டும் பார்லோவும் 1967-ல் இந்த மீனைத் தொட்டியில் வைத்தே இதை விவரமாக எழுதினார்கள். தாய்ப்பால் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் உடம்பையே உணவாகக் கொடுப்பதில் தாயோடு தகப்பனும் சேர்ந்துகொள்கிறது. வார்ட் பிறகு இலங்கைக் காயல்களுக்கும் போய் ஆராய்ந்தார். செல்லக்காசு கரிமீனின் உடம்பில் பிடித்த பூஞ்சையைக் கொத்திச் சுத்தம் செய்யும் என்பது 1972-ல் வெளிவந்தது. அதே செல்லக்காசு சந்தர்ப்பம் கிடைத்தால் கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னவும் தயங்காது. ஆக, ரொம்பவும் புகழ்ந்துவிட வேண்டாம்!

குஞ்சுகளுக்குச் சளிப்படலம் மட்டும் போதாது. ஆர்ட்டீமியா முட்டை சின்ன டப்பாவில் கிடைக்கும். உப்புத் தண்ணீரில் காற்று விட்டு ஒன்றரை நாளில் பொரித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். வேகவைத்த முட்டை மஞ்சளைக் கரைத்து விடலாம் என்று சிலர் சொல்வார்கள். தண்ணீர் நாறிவிடும், எனக்குப் பிடிப்பதில்லை.

கை ஜாக்கிரதை

குடும்ப ஆரோக்கியப் பத்திரிகையில் எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. மீன் தொட்டித் தண்ணீரில் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி இருக்கலாம். காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரன். கையில் சின்ன வெட்டோ சிராய்ப்போ இருந்தால் அது வழியாக உள்ளே போய், சில வாரம் கழித்து விரலிலோ மணிக்கட்டிலோ வலிக்காத கட்டியாக, ஆறாத புண்ணாக வரும். அதற்கு மஞ்சளும் களிம்பும் பூசிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், தோல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது ‘வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது’ என்று மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நோய் பிடிபடுவது தாமதமாகும். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும். சர்க்கரை நோயாளிகள் ரப்பர் கையுறை இல்லாமல் தொட்டியில் கை விட வேண்டாம். கையுறை போட்டாலும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீர் இறக்குகிற குழாயை வாயால் உறிஞ்சுகிற பழக்கத்தை இன்றே விடுங்கள். பம்ப், விளக்கு எல்லாவற்றின் சுவிட்சையும் அணைத்த பிறகே தண்ணீருக்குள் கை.

மீன் வளர்த்துச் சலித்துப்போனால் ஆற்றிலோ ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். வெளிநாட்டு மீன் எதையும் விடவே கூடாது; ஜிலேபி வந்த பிறகு நம் நாட்டு மீன்கள் பட்ட பாடு போதும். நம் மீனாகவே இருந்தாலும் தொட்டியில் பிடித்த நோயையும் சேர்த்துத்தான் விடுகிறோம். கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

என் வீட்டில் இரண்டாம் ஈத்தில் நாற்பது குஞ்சு தேறியது. ஜெயங்கொண்டத்திலிருந்து வருகிற ஓர் ஆசிரியர் ஆறு வாங்கிப் போனார். பிரஷருக்கு வருகிற ஒரு மளிகைக்கடைக்காரர் ஆறு. “தண்ணியக் கொதிக்க வச்சா அடியில வெள்ளையாப் படியுதா?” என்று கேட்டு, ஆமாம் என்றவர்களுக்குத்தான் கொடுத்தேன். தொட்டி வைத்து ஒரு மாதம் ஆகாதவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொண்டார்கள்.

இப்போது மூன்றாம் ஈத்து. பூச்சட்டியில் முட்டை ஒட்டியிருக்கிறது, வேட்டி தொங்குகிறது. நேற்று ஒருவர் நாடி பார்க்கக் கையை நீட்டிக்கொண்டே இன்னொரு கையால் வேட்டியை விலக்கப் போனார். உள்ளே இருந்து அம்மாவின் குரல்:

“யார்றா அது? கைய எடு. புள்ளைத்தாச்சி இருக்கா அங்க!”